காசின் மேல் சாயும் வெளிச்சம்: வாசகர் கேள்வி–பதில்

சென்ற மாதம் பழங்காசுகளை உறையிட்டுப் பாதுகாப்பது குறித்து எழுதிய பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, அவற்றை வீட்டிலேயே நெருக்கமாகப் படமெடுப்பது எப்படி என்றுதான் கேட்கின்றன. அவற்றில் ஆறு கடிதங்களுக்கு இம்மாதம் விடை எழுதுகிறேன்.

கேள்வி: என் தந்தையார் சேர்த்து வைத்த செப்புக்காசுகளில் இராசராசன் காசுகள் சில உள்ளன. கையில் வைத்துத் திருப்பிப் பார்க்கும்போது உருவமும் எழுத்தும் தெரிகின்றன. கைப்பேசியில் எடுத்தாலோ கறுத்த வட்டம்தான் விழுகிறது. நல்ல கேமரா வாங்கினால்தான் சரியாகுமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

பதில்: ஐயா, தங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. திருப்பிப் பார்க்கும்போது தெரிகிறது என்கிறீர்கள். திருப்பும் ஒவ்வொரு முறையும் காசின் மீது வெளிச்சம் விழும் கோணம் மாறுகிறது. ஏதோ ஒரு கோணத்தில் எழுத்தின் மேடு தன் பக்கத்திலுள்ள பள்ளத்தில் நிழலை வீழ்த்துகிறது. அந்த நிழலைத்தான் நம் கண் எழுத்தாகப் படிக்கிறது. காசை மேசையில் கிடத்தி, தலைக்கு நேர் மேலே எரியும் கூடத்து விளக்கில் படமெடுத்தால் நிழல் விழ வழியே இல்லை. ஆகவே கேமராவுக்குச் செலவிடும் முன், கழுத்தை வளைக்கக்கூடிய மேசை விளக்கு ஒன்றை வாங்குங்கள். அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, சன்னல் திரையையும் மூடிவிடுங்கள். சன்னல் வெளிச்சமும் விளக்கு வெளிச்சமும் கலந்தால் காசின் ஒரு பாதி நீலம் பாய்ந்தும் மறு பாதி மஞ்சள் பாய்ந்தும் தெரியும். செம்பின் உண்மையான நிறத்தைப் பிறகு மீட்கவே முடியாது.

தேய்ந்த காசு ஒன்று என்னிடமும் இருந்தது. ஒரு பக்கம் நிற்கும் உருவமும் மறுபக்கம் அமர்ந்த உருவமும் கொண்ட வழக்கமான இராசராசன் காசுதான். அமர்ந்த உருவத்தின் பக்கத்தில் இருக்க வேண்டிய எழுத்து முழுவதும் தேய்ந்துவிட்டதென்றே பல காலம் நினைத்திருந்தேன். ஒரு நாள் விளக்கைக் கடிகார முகத்தின் பத்து மணித் திசையில் வைத்து, மேசையை ஏறக்குறைய உரசும் அளவுக்குச் சிறிது சிறிதாகத் தாழ்த்திக்கொண்டே வந்தேன். முதலில் மடித்த முழங்கால் எழுந்தது, பிறகு தோள், அதன் பின் கையின் கீழே மூன்று வரியாக 'ஸ்ரீ ராஜராஜ' என்னும் நாகரி எழுத்துகளின் வளைவுகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின. (அவை தமிழ் எழுத்துகள் என்று எண்ணிக்கொண்டு படிக்க முயன்று சோர்ந்து போகிறவர்கள் உண்டு. நாகரி என்று தெரிந்து தேடினால் கண்ணுக்கு எளிதில் பிடிபடும்.) தேய்மானம் மிகுந்த காசுக்கு விளக்கு மேசை மட்டத்திலிருந்து 20 பாகை உயரத்தில் இருந்தாலே போதும். அச்சு கூர்மையாக உள்ள காசுக்கு அதே சாய்வு கடுமையான கருநிழல் தரும் என்பதால் 45 பாகைக்கு மேல் உயர்த்திக்கொள்ளலாம். விளக்குக்கு எதிர்ப்புறம் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தினால் நிழல் முற்றிலும் இருண்டு போகாது.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். வெளிச்சம் எப்போதும் காசின் தலைமாட்டிலிருந்தே வர வேண்டும். மேலிருந்து விழும் ஒளிக்கே பழகிய நம் கண்ணுக்கு, கால்மாட்டிலிருந்து ஒளி விழுந்தால் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தோன்றும். நிற்கும் மன்னர் காசுக்குள் குடைந்து செதுக்கப்பட்டவர் போலாகிவிடுவார். காசைத் தலைகீழாக வைத்து எடுத்துவிட்டுப் பிறகு படத்தைத் திருப்பிக்கொள்வோருக்கும் இதே குழப்பம் நேர்கிறது, ஏனெனில் படத்தோடு சேர்ந்து வெளிச்சமும் திரும்பிவிடுகிறது.

கேள்வி: என்னிடம் 1911ஆம் ஆண்டின் ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் உள்ளது. மன்னரின் மேலங்கியில் உள்ள யானையைப் படமெடுக்க விரும்புகிறேன். விளக்கின் வெள்ளைப் பொட்டு மட்டுமே அந்த இடத்தில் விழுகிறது. (காரைக்குடி வாசகி)

பதில்: அந்த யானையின் வடிவம் பன்றியைப் போல் இருக்கிறதென்று எதிர்ப்பு எழுந்து, 1912 முதல் அச்சைத் திருத்தினார்கள் என்பதால், சேகரிப்பாளர்கள் உற்றுப் பார்க்கும் இடமே அதுதான். செம்புக்குச் சொன்ன முறை வெள்ளிக்கு அப்படியே பொருந்தாது அம்மா. தேயாத வெள்ளி ஏறக்குறைய ஒரு கண்ணாடி. அதில் தெரிவது விளக்கின் உருவம். விளக்குச் சிறியதாக இருக்கும்வரை பொட்டும் இருக்கும். விளக்குக்கும் காசுக்கும் இடையே டிரேசிங் தாளையோ பட்டர் பேப்பரையோ சூடான விளக்கைத் தொடாதபடி நிறுத்துங்கள். தாள் முழுவதும் ஒளிர்ந்து, தானே பெரிய விளக்காகிவிடும். பொட்டு கரைந்து வெள்ளியின் மேல் மெல்லிய ஒளியாகப் பரவும்.

அதிலும் நிறைவில்லையெனில் கொஞ்சம் மெனக்கெட்டு இதைச் செய்து பாருங்கள். புகைப்படச் சட்டத்திலிருந்து எடுத்த சாதாரணக் கண்ணாடித் துண்டைக் காசுக்கும் லென்ஸுக்கும் நடுவே 45 பாகை சாய்த்து நிறுத்தி, பக்கவாட்டிலிருந்து அக்கண்ணாடியின் மீது ஒளியைப் பாய்ச்சுங்கள். காசின் மீது நேரடியாக ஒளி படாதபடி கறுப்பு அட்டையால் மறைத்துவிட வேண்டும். கண்ணாடியில் பட்ட ஒளியில் ஒரு பகுதி செங்குத்தாகக் கீழிறங்கி, காசில் பட்டு, வந்த வழியே மேலெழுந்து கண்ணாடியைக் கடந்து லென்ஸை அடைகிறது. சமதளம் முழுவதும் வெண்மையாக ஒளிர, யானையின் கோடுகள் பென்சிலால் வரைந்தவை போல் கருமையாக நிற்கும்.

கேள்வி: புதிய கைப்பேசியில், மிக நெருக்கத்தில் படமெடுக்க 'மேக்ரோ' என்றொரு வசதி இருக்கிறது. ஒரு ரூபாய் நாணயத்தில் ஆண்டுக்குக் கீழுள்ள குறியை எடுக்க அது போதுமா? (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பதில்: ஆண்டுக்குக் கீழே சாய்சதுரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா, எக்குறியும் இல்லையெனில் கொல்கத்தா என்று நாணயச்சாலையை அறியலாம். 2011 வரிசை ஒரு ரூபாயின் குறுக்களவே 22 மில்லிமீட்டர்தான் என்பதால், அக்குறி எவ்வளவு சிறியதென்று சொல்ல வேண்டியதில்லை. பல கைப்பேசிகளில் 'மேக்ரோ' என்பது அகலப் பார்வை லென்ஸை இரண்டு மூன்று சென்டிமீட்டர் தொலைவுக்குக் கொண்டுபோவதுதான். அவ்வளவு நெருங்கினால் கைப்பேசியின் நிழலே நாணயத்தை மூடிவிடும். சாய்த்து ஒளி விழச்செய்ய இடமும் இராது. நீங்கள் 15 முதல் 20 சென்டிமீட்டர் விலகி, முதன்மைக் கேமராவில் இரு மடங்கு பெரிதாக்கி எடுத்து, பிறகு வேண்டிய பகுதியை வெட்டிக்கொள்வதே நல்லது. கையில் பிடிக்காமல், இரண்டு புத்தக அடுக்குகளின் மீது கைப்பேசியைப் பாலம் போல் கிடத்தி, மூன்று விநாடி டைமர் வைத்து எடுங்கள்.

கேள்வி: மேக்ரோ லென்ஸில் எடுக்கிறேன். நாணயத்தின் ஒரு பக்க விளிம்பு கூர்மையாகவும் மறுபக்கம் மங்கலாகவும் விழுகிறது. (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: லென்ஸில் குறையிருக்க வாய்ப்புக் குறைவு; கேமரா நாணயத்துக்கு இணையாக இல்லை. நாணயத்தை அதன் உண்மையான அளவிலேயே சென்சாரில் விழச்செய்து, லென்ஸின் ஒளித்துளையை எஃப் 8 அளவில் வைத்து எடுக்கும்போது, கூர்மையாகத் தெரியும் ஆழம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். மயிரிழைச் சாய்வுகூட அதற்குள் அடங்காது. நாணயம் இருக்கும் இடத்தில் சிறிய முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை மட்டமாக வைத்து, கேமராத் திரையைப் பாருங்கள். லென்ஸின் பிரதிபலிப்பு திரையின் நட்டநடுவில் தெரியும்வரை கேமராவைத் தாங்கும் முக்காலியைத் திருத்திவிட்டு, கண்ணாடியை எடுத்துக்கொண்டு நாணயத்தை வையுங்கள். கண்ணாடியின் தடிமனும் நாணயத்தின் தடிமனும் வேறென்பதால் ஃபோகஸை மீண்டும் சரிசெய்ய வேண்டும். ஆழம் கூடட்டும் என்று ஒளித்துளையை மிகவும் சுருக்கி எஃப் 22க்குப் போகாதீர்கள். அங்கே படம் முழுவதும் மென்மையாக மங்கிவிடும்.

கேள்வி: படமெடுக்கும் முன் புளி போட்டுத் தேய்த்தால் எழுத்துத் தெளிவாகத் தெரியுமா? (மதுரை வாசகர்)

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். புளி, எலுமிச்சை, விபூதி, பித்தளை மெருகு எதுவும் வேண்டாம். காசின் மேல் நூற்றாண்டுகளாகப் படிந்த பழுப்புப் படலம் போனால் திரும்ப வராது. தேய்த்த கீறல்கள் சாய்ந்த ஒளியில் எழுத்தைவிடப் பளிச்சென்று தெரிவதால், படமும் கெடும். தூசியை மென்மையான தூரிகையால் தட்டிவிட்டால் போதும். பச்சைக் களிம்பு தூளாக உதிர்கிறதெனில் அக்காசை மற்றவற்றிலிருந்து பிரித்து ஈரமில்லாத இடத்தில் வைத்துவிட்டு, சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்புப் பிரிவு போன்ற இடங்களில் ஆலோசனை கேளுங்கள்.

கேள்வி: கரூரில் தாத்தா வைத்திருந்த சதுரச் செப்புக்காசைக் காசியல் அறிஞர் ஒருவருக்குப் படமாக அனுப்ப வேண்டும். என்னென்ன அனுப்புவது? (ஈரோடு வாசகி)

பதில்: இரண்டு பக்கங்களையும் ஒரே தொலைவில், ஒரே ஒளியில் எடுங்கள். எழுத்து இருக்கிறதோ என்று ஐயம் எழும் பக்கத்தை மட்டும் விளக்கை நான்கு திசையிலும் மாற்றி மாற்றி வைத்து நான்கு படங்களாக எடுங்கள் (வெளிச்சம் தலைமாட்டிலிருந்தே வர வேண்டும் என்று முன்பு சொன்னதற்கு இது மட்டும் விலக்கு). பெருவழுதி என்னும் பாண்டியர் பெயர் பொறித்த காசு போன்ற சங்ககாலச் சதுரக் காசுகளில் தமிழ் பிராமி எழுத்தின் ஒரு கோடு, ஒளி அக்கோட்டின் நீளவாக்கில் ஓடினால் மறைந்தும், குறுக்காக விழுந்தால் எழுந்தும் தெரியும் என்பதால், ஒரே படத்தை நம்பிப் படிப்பது கடினம். விளிம்பையும் ஒரு படம் எடுத்து, எடையைக் கிராமில் குறித்து அனுப்புங்கள். பின்னணியில் நிழல் விழாதிருக்கக் காசை ஓர் அழிப்பான் மீது உயர்த்தி வைப்பது நல்ல வழக்கம். அப்படி வைத்தால் அளவுகோலையும் அதே உயரத்துக்கு உயர்த்திவிடுங்கள். கீழே மேசையில் கிடக்கும் அளவுகோலோடு ஒப்பிட்டால், காசு உள்ளதைவிடப் பெரியதாகத் தோன்றி, அறிஞர் அளவைத் தவறாகக் குறித்துக்கொள்ள நேரும். படங்களை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். கோப்பாக இணைத்தோ மின்னஞ்சலிலோ அனுப்புங்கள்.