கெப்பாசிட்டரைத் தள்ளி வைக்கலாமா? சோல்டரிங் பற்றிச் சில கேள்விகள்

ஹட்டனில் ரேடியோ, அம்ப் செட், டிவி பழுது பார்க்கும் மேசையில் நான் உட்கார்ந்து பல வருடம் ஆகிறது. போர்டில் ஒரு பாகத்தைக் கழற்றி வேறு இடத்தில் வைப்பது பற்றி வந்த கேள்விகளை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, எங்கள் கோயில் அம்ப் செட்டில் பெரிய கெப்பாசிட்டர் (மின்சாரத்தைச் சேர்த்து வைத்துக் கொடுக்கும் பாகம்) ஹீட்சிங்க்கை, அதாவது சூட்டை வெளியேற்றும் உலோகத் தகட்டை, ஒட்டி இருக்கிறது. இரண்டு தடவை மாற்றியும் வீங்கிவிட்டது. வயர் போட்டுத் தள்ளி வைக்கலாமா?

உங்கள் செட்டில் கனமான இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் தள்ளி வைக்கலாம். நமது கரண்ட் 50 ஹேர்ட்ஸ். ஏசியை டிசியாக்கும் டயோட் பிரிட்ஜ் தாண்டி அந்தக் கெப்பாசிட்டருக்கு வருவது 100 ஹேர்ட்ஸ் அலை, அதற்குச் சில சென்ரிமீட்டர் வயர் பெரிய விஷயமில்லை. தடித்த வயர் இரண்டை முறுக்கிக் கொண்டு போங்கள். பிளஸ், மைனஸ் மாறினால் வெடிக்கும், அதனால் கழற்றும் முன்பே போர்டில் குறித்துவிடுங்கள். கெப்பாசிட்டரை வயரில் தொங்க விடாமல் பெட்டியோடு சேர்த்துக் கட்டுங்கள்.

அந்த இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத சுவிட்சிங் சப்ளை என்றால் வேண்டாம். அங்கே பத்தாயிரக்கணக்கான ஹேர்ட்ஸில் வேலை நடக்கிறது, நீட்டிய வயரே தடையாகிவிடும். அதே இடத்தில் 105 பாகை என்று எழுதிய, லோ ஈஎஸ்ஆர் (உள் மின்தடை குறைந்த) வகையைப் போடுங்கள். வெப்பம் 10 பாகை குறைந்தால் இந்த எலக்ட்ரோலிட்டிக் வகைக் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறத்தாழ இரு மடங்காகும். ஹீட்சிங்க்குக்கும் அதற்கும் நடுவே விரலளவு இடைவெளி கிடைத்தாலும் நல்லதுதான்.

நுவரெலியாவிலிருந்து: 40 வாட் சோல்டரிங் அயன் வைத்திருக்கிறேன். டிவி போர்டில் ஈயம் உருகவே மாட்டேன் என்கிறது. இங்கே குளிர் என்பதாலா?

குளிர் இல்லை காரணம். உங்கள் மேசைக்கும் என் மேசைக்கும் பத்துப் பாகை வித்தியாசம் இருந்தாலும் 350 பாகை அயனுக்கு அது ஒன்றுமில்லை. ஜன்னல் காற்று நேராக முனையில் அடிக்காமல் பார்த்தால் போதும். புகை போக ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.

இப்போது வரும் போர்டுகளில் ஈயமில்லாத சோல்டர்தான். அது உருக 217 பாகைக்கு மேல் வேண்டும், நாம் வாங்கும் 63/37 ஈயம் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம்) 183 பாகையிலேயே உருகிவிடும். அதோடு மைனஸ் பக்கம் அகலமான செம்புத் தகடு வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். அதற்காக அயனின் சூட்டைக் கூட்டாதீர்கள், பேட் (கால் பற்றவைக்கும் செம்புப் பொட்டு) உரிந்து வந்துவிடும். பிளக்ஸ் (சோல்டர் நன்றாக ஓட உதவும் பசை) தடவி, பழைய சோல்டரோடு நமது ஈயத்தைக் கொஞ்சம் உருக்கிக் கலந்துவிடுங்கள். கலவை லேசில் உருகும், அப்புறம் சக்கர் எனும் உறிஞ்சும் பம்பால் உறிஞ்சலாம். ஊசி முனையை விட அகலமான முனைதான் இதற்குச் சரி.

பதுளையிலிருந்து ஓர் அக்கா: சூடு அதிகமாகி பேட் உரிந்துவிட்டது. போர்ட் போய்விட்டதா?

இல்லை அக்கா. அந்தப் பேடிலிருந்து போகும் செம்புக் கோட்டைப் பிளேடால் மெல்லச் சுரண்டினால் செம்பு தெரியும். அங்கிருந்து பாகத்தின் கால் வரைக்கும் ஒரு மெல்லிய வயரைப் பற்றவையுங்கள்.

பண்டாரவளையிலிருந்து ஒரு மாணவர்: சேர், வால்யூம் கன்ட்ரோலைப் பெட்டியின் முன்பக்கம் கொண்டு வரலாமா? எதையெல்லாம் நகர்த்தக் கூடாது?

வால்யூமைக் கொண்டு வரலாம். ஷீல்டு வயர் (மேலே உலோகப் பின்னல் சுற்றிய வயர்) போடுங்கள், இல்லாவிட்டால் 'ம்ம்' என்ற ஹம் சத்தம் வரும். எல்ஈடி, சுவிட்ச் எல்லாமும் நகர்த்தலாம். சர்க்கிட்டுக்குத் தாளம் கொடுக்கும் கிறிஸ்டலையும், ஐசி (பல கால்கள் உள்ள கறுப்புச் சிப்) காலுக்குப் பக்கத்தில் இருக்கும் 0.1 மைக்ரோஃபராட் கெப்பாசிட்டரையும் தொடாதீர்கள். ஐசிக்குத் திடீரென்று தேவைப்படும் கரண்ட்டைக் கொடுக்கத்தான் அது அங்கே இருக்கிறது, தள்ளி வைத்தால் வைத்த பயனே இல்லை.

தம்பி, ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். 230 வோல்ட் சுவிட்சிங் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டரில் ஏறத்தாழ 325 வோல்ட் நிற்கும், பிளக்கைக் கழற்றிய பிறகும் இருக்கலாம். ஸ்குரூட்ரைவரால் ஷோர்ட் பண்ண வேண்டாம். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரைக் காப்பிட்ட பிடியால் பிடித்து அரை நிமிடம் வைத்து, மீட்டரால் அளந்து பார்த்த பிறகே போர்டைத் தொடுங்கள். பக்கத்தில் ஒருவர் இருக்கும்போதே செய்யுங்கள்.