மூல மொழிச் சொல் தெரிந்தால் வேதவசனம் கூடுதலாகப் புரியுமா?

நிச்சயம் புரியும். யோவான் சுவிசேஷம் 3ஆம் அதிகாரத்தையே பாருங்கள். ‘மறுபடியும் பிறவாவிட்டால்’ என்று இயேசு சொன்னதும், வயதானவன் எப்படித் தாயின் வயிற்றுக்குள் திரும்பப் போவான் என்று அவரிடம் பேச வந்த யூதத் தலைவர் நிக்கொதேமு கேட்கிறார். மூல மொழியான கிரேக்கத்தில் ‘மறுபடியும்’ என்ற இடத்தில் இருப்பது ‘அனோதென்’. அதற்கு ‘மறுபடியும்’, ‘மேலிருந்து’ என இரண்டு பொருள் உண்டு. நிக்கொதேமு முதலாவதைப் பிடித்துக்கொண்டு தடுமாறுகிறார். இயேசுவோ மேலிருந்து வரும் பிறப்பைச் சொல்கிறார். 31ஆம் வசனத்தில் இதே சொல்லைத் தமிழ் வேதாகமம் ‘உன்னதத்திலிருந்து’ என்றே பெயர்த்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

அதற்காக அகராதிப் பொருளையெல்லாம் எல்லா வசனத்திலும் திணிக்கக் கூடாது; முன்பின் வசனங்கள்தான் பொருளைத் தீர்மானிக்கும்.

அப்புறம், 8ஆம் வசனத்தில் காற்று, ஆவி இரண்டுக்கும் ‘ப்நியூமா’ என்ற ஒரே சொல்தான். அதனால்தான் காற்றைப் பற்றிய பேச்சு அவ்வளவு இயல்பாக ஆவியானவரிடம் போய்ச் சேருகிறது.