1959 பிப்ரவரி 3: அந்தப் பனி இரவு பற்றிய கேள்விகளுக்குப் பதில்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ராக் அண்ட் ரோல் பாடகர்கள் பட்டி ஹாலி, ரிச்சி வாலன்ஸ், பிக் பாப்பர் மூவரும் இறந்த விமான விபத்தைப் பற்றிக் கேளுங்கள் என்றதுதான் தாமதம், கேள்விகள் குவிந்துவிட்டன. முடிந்தவரை சொல்கிறேன்.

கே: விமானத்தின் பெயர் 'அமெரிக்கன் பை' தானே?

இல்லை. அதற்குப் பெயரே கிடையாது, பதிவெண் மட்டும்தான். இந்த விபத்தை நினைத்து டான் மெக்லீன் பாடிய 'அமெரிக்கன் பை' பாட்டு வந்ததே 1971-ல்தான்.

கே: பேருந்து இருக்கும்போது எதற்கு விமானம்?

இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். அவர்கள் போன கச்சேரிச் சுற்றுப்பயணம் 24 நாளில் 24 ஊர். அதுவும் வரிசையாக இல்லை, வரைபடத்தில் குறுக்கும் நெடுக்குமாக. ஜனவரி கடைசி, வடக்கு மாநிலங்களின் குளிர், வந்த பேருந்துகளோ ஒன்று மாற்றி ஒன்று பழுது, ஹீட்டர் வேலை செய்யாது. ஹாலிக்கு டிரம்ஸ் வாசித்த கார்ல் பன்ச் கால் உறைந்துபோய் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். அயோவாவின் கிளியர் லேக் ஊரில் கச்சேரி முடிந்ததும் அடுத்த ஊர் மினசோட்டா மாநிலத்து மூர்ஹெட், சுமார் 580 கிலோமீட்டர். முன்னாடியே போய்த் துணி துவைத்து, ஒரு ராத்திரியாவது படுக்கையில் தூங்கலாம் என்றுதான் ஹாலி ஆளுக்கு 36 டாலரில் சின்ன விமானம் ஏற்பாடு செய்தார். என்னைக் கேட்டால், அந்தப் பயணத் திட்டத்தைப் போட்டவர்கள்தான் முதல் குற்றவாளிகள்.

கே: காசு சுண்டிப் பார்த்து இடம் பிடித்தார்களாமே?

ஒரு இடத்துக்கு மட்டும். ஹாலியின் கிட்டார் கலைஞர் டாமி ஆல்சப்பும் வாலன்ஸும் சுண்டினார்கள், 17 வயது வாலன்ஸ் ஜெயித்தார். ஹாலியின் பேஸ் கிட்டார் கலைஞர் வேலன் ஜென்னிங்ஸ், காய்ச்சலில் இருந்த பிக் பாப்பருக்குத் தன் இடத்தை விட்டுக்கொடுத்தார், அதில் காசெல்லாம் இல்லை.

கே: சுண்டியது டியான் இல்லையா? அவரே சொல்லியிருக்கிறார்.

அதே சுற்றுப்பயணத்தில் பாடிய டியான் அப்படிச் சொல்லியிருக்கிறார், பல வருஷம் கழித்து. தான் ஜெயித்தும், பெற்றோர் கொடுத்த மாத வாடகையும் அதே 36 டாலர் என்ற நினைப்பில் அவ்வளவு கொடுக்க மனசு வரவில்லை, இடத்தை வாலன்ஸுக்கு விட்டுவிட்டேன் என்றார். ஆல்சப் கடைசிவரை தான்தான் என்றார். அன்று கச்சேரியைத் தொகுத்து வழங்கிய வானொலி அறிவிப்பாளர் பாப் ஹேலோ, காசைச் சுண்டியதே தன் கை என்றார். நான் ஆல்சப் பக்கம். இதற்குள் ஆறு பேர் சண்டைக்கு வந்துவிட்டீர்கள், சரி, இதோடு நிறுத்துவோம். யார் சுண்டினாலும் இடம் வாலன்ஸுக்குத்தான் போனது.

கே: தப்பு விமானியுடையதுதானே?

பாதி. அவருக்கு வயது 21, கருவிகளை மட்டுமே பார்த்து ஓட்டும் தகுதிச் சான்று இல்லை. வானிலை மோசமாகிறது என்ற எச்சரிக்கைகளும் அவருக்குச் சொல்லப்படவில்லை. அப்புறம் அந்த பீச்கிராப்ட் பொனான்சாவில் இருந்த ஸ்பெரி எஃப்3 கருவி, மூக்கு மேலே போகிறதா கீழே போகிறதா என்பதை அவர் பழகிய கருவிக்கு நேர் எதிராகக் காட்டும். வெளியே கும்மிருட்டு, பனி. ஏறுகிறோம் என்று நினைத்தே இறங்கியிருக்கலாம் என்பதுதான் விசாரணையின் முடிவு. விமான உரிமையாளர் வால் விளக்கு மெல்லத் தாழ்வதைத் தரையிலிருந்து பார்த்திருக்கிறார். பத்து கிலோமீட்டர் தாண்டவில்லை, வலது இறக்கை முதலில் தரையில் மோதியது. விடிந்த பிறகுதான் வயலில் கண்டுபிடித்தார்கள்.

கே: உள்ளே துப்பாக்கிச் சண்டை நடந்ததாமே?

ஹாலியின் துப்பாக்கி வயலில் கிடைத்ததால் கிளம்பிய வதந்தி. 2007-ல் பிக் பாப்பரின் உடலைத் தோண்டி எடுத்துப் பார்த்தார்கள், குண்டுக் காயம் இல்லை. மோதிய உடனேயே உயிர் போயிருக்கிறது.

கே: எடி காக்ரனும் அதே விமானத்திலா?

இல்லை, அந்தப் பாடகர் இறந்தது 1960-ல், இங்கிலாந்தில், கார் விபத்தில்.

கே: 'அமெரிக்கன் பை' விமானம் இப்போது எங்கே?

மேலே முதல் பதிலைப் படியுங்கள், தயவுசெய்து.

கே: அன்றைய மூர்ஹெட் கச்சேரி?

நடந்தது. உள்ளூர் பையன் பாபி வீ, 15 வயது, மேடையேறினார்.

கே: ஹாலியின் மூக்குக் கண்ணாடி?

நீதிமன்றக் கட்டடத்தில் ஒரு உறையில் கிடந்து 1980-ல்தான் வெளியே வந்தது. இப்போது அவர் சொந்த ஊரான டெக்சாஸின் லப்பக்கில், அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது.