முதலில் பாஸ்போர்ட்டைப் பாருங்கள்

கேள்வி: கனடாவில் இரண்டாண்டு முதுகலைப் படிப்பை முடிக்கவிருக்கும் என் மகள், அங்கேயே வேலை பார்த்து பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு உரிமை) பெற விரும்புகிறாள். எதை முதலில் செய்ய வேண்டும்?
- ஒரு தாய், அல்சூர், பெங்களூரு

பதில்: அம்மா, முதலில் மகளின் பாஸ்போர்ட் எந்தத் தேதி வரை செல்லும் என்று கேளுங்கள். படிப்புக்குப் பிந்தைய பணி அனுமதி அவருக்கு மூன்றாண்டு வரை கிடைக்கலாம் என்றாலும், பாஸ்போர்ட் காலாவதியாகும் நாளைத் தாண்டி அதை வழங்க மாட்டார்கள். காலாவதி நாள் நெருங்கிவிட்ட பாஸ்போர்ட்டுடன் விண்ணப்பித்துவிட்டுப் பிறகு நீட்டிப்புக்கு அலைவதைவிட, இப்போதே புதுப்பித்துவிடுவது நல்லது. வாழ்நாளில் ஒரே முறை தரப்படும் இந்த அனுமதிக்கு, படிப்பு முடிந்ததாகக் கல்லூரி எழுத்துபூர்வமாக உறுதிசெய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

கனடாவில் வேலை பார்த்தவர்களுக்கான கனடிய அனுபவப் பிரிவில் பி.ஆர். கோர, திறன்சார்ந்த வேலையில் ஓராண்டு, அதாவது 1,560 மணி நேர அனுபவம் தேவை. முழுநேர மாணவியாக இருந்தபோது செய்த பகுதிநேர வேலை இதில் சேராது. பலர் ஏமாறுவது இங்கேதான். அந்த ஓராண்டு தகுதியை மட்டுமே தரும். பி.ஆருக்கு விண்ணப்பிக்கும்படி அரசிடமிருந்து அழைப்பு வருவது வயது, கல்வி, மொழித் தேர்வு ஆகியவற்றுக்கான புள்ளிகளைப் பொறுத்தது என்பதால், மொழித் தேர்வுக்கு அவர் இப்போதே தயாராகட்டும்.