பலகையைத் தொடுவது யாருடைய சொல்?

கேள்வி: எங்கள் மகனுக்கு 6 வயது. 3 வயதில் ஆட்டிசம் என்று உறுதிசெய்தார்கள். இதுவரை ஒரு சொல்லும் பேசவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் எங்கள் கையைப் பிடித்து அந்த இடத்துக்கு இழுத்துச் செல்வான். படஅட்டையில் தொடங்கலாம் என்கிறார் பேச்சுப் பயிற்சியாளர். அட்டையோ, படத்தைத் தொட்டால் சொல்லை ஒலிக்கும் பேசும் டேப்லெட்டோ கொடுத்துவிட்டால் பிறகு வாயே திறக்க மாட்டான் என்று வீட்டுப் பெரியவர்கள் அஞ்சுகிறார்கள். இதற்கிடையே ஒரு மையத்தில், எழுத்துப் பலகையைக் கொண்டு 3 மாதத்தில் முழு வாக்கியமாக எழுத வைப்பதாகச் சொல்கிறார்கள். அ முதல் ஔ வரை மட்டுமே பார்த்திருக்கும் எங்கள் மகன், அங்கே பயிற்சியாளர் பலகையை உயர்த்திப் பிடித்திருக்க, "எனக்கு எல்லாம் புரிகிறது அம்மா" என்று எழுத்தெழுத்தாகத் தொட்டுக் காட்டினான். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: அந்த வாக்கியத்தைப் படித்த நொடியில் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை என்னால் உணர முடிகிறது. 6 ஆண்டுகளாக மகனின் ஒரு சொல்லுக்குக் காத்திருக்கும் தாயிடம், அதைச் சந்தேகியுங்கள் என்று சொல்வது எனக்கும் எளிதன்று. ஆயினும் சந்தேகத்துக்கான காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. 'புரிகிறது' என்ற ஒரே சொல்லில் இடையின ரகரமும் வல்லின றகரமும் வருகின்றன. பள்ளிப் பிள்ளைகள் பல ஆண்டுகள் தடுமாறுகிற அந்த வேறுபாட்டை, உயிர்மெய் எழுத்துகளையே இன்னும் கற்காத குழந்தை பிழையின்றிக் கையாண்டிருக்கிறான் என்றால், அந்த எழுத்தறிவு யாருடையது என்று கேட்டாக வேண்டும். யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே படிக்கக் கற்றுக்கொள்ளும் ஆட்டிசக் குழந்தைகள் உண்டு. ஆனால் அவர்கள் அந்தத் திறனைத் தனியாக இருக்கும்போதும் காட்டிவிடுவார்கள். ஒருவர் பலகையைப் பிடித்திருக்கும்போது மட்டும் வந்து, அவர் எழுந்து போனதும் மறைந்துவிடாது.

இந்த முறைக்கு முன்னோடி ஒன்று உண்டு. 1970-களில் ஆஸ்திரேலியாவில் தோன்றி, 1990-க்குப் பிறகு அமெரிக்காவில் வேகமாகப் பரவிய 'ஃபெசிலிடேட்டட் கம்யூனிகேஷன்' என்ற முறையில், உதவியாளர் குழந்தையின் கையையோ மணிக்கட்டையோ தாங்கிப் பிடித்துத் தட்டச்சு செய்ய வைத்தார். 1993-இல் வெளியான ஓர் ஆய்வில் இம்முறையைப் பயன்படுத்திய 12 பேரைச் சோதித்தார்கள். எழுதுபவர் ஒரு படத்தையும் உதவியாளர் வேறொரு படத்தையும் காணும்படி நடுவே தடுப்பு வைத்தபோது, 12 பேரில் ஒருவர்கூடத் தாம் பார்த்த படத்தின் பெயரைச் சரியாக எழுதவில்லை; உதவியாளர் பார்த்த படத்தின் பெயர்தான் திரும்பத் திரும்ப வந்தது. உதவியாளர்கள் பொய் சொல்லவில்லை. மனத்தில் ஒரு சொல் இருந்தால் கை தன்னறியாமல் அந்தப் பக்கம் சிறிதளவு நகரும், நகர்ந்தது அந்தக் கைக்குரியவருக்கே தெரியாது. இம்முறைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று அமெரிக்க உளவியல் சங்கம் 1994-இல் தீர்மானம் நிறைவேற்றியது.

உங்கள் மையத்தினர், "நாங்கள் குழந்தையின் கையைத் தொடுவதே இல்லையே" என்பார்கள். தொடுவதில்லைதான், பலகையைத் தொடுகிறார்கள். காற்றில் பிடித்த பலகை ஒரு விரற்கடை இப்படியோ அப்படியோ நகர்ந்தால் போதும், வேறொரு எழுத்து விரலுக்கு நேரே வந்துவிடும். இத்தகைய அமர்வு ஒன்றை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். சிறுவனின் கண்கள் சன்னல் திரையின் மேல் இருந்தன. விரல் மட்டும் நீட்டியிருந்தது. பலகைதான் விரலை நோக்கி வந்தது. தவறான எழுத்தின் மேல் விரல் தயங்கினால் "இன்னும், இன்னும்" என்ற குரல் வரும், சரியான எழுத்தைத் தொட்டதும் குரல் நின்றுவிடும். எழுத்தறிந்த பெரியவர் ஒருவராலும், பார்க்காமல் ஒற்றை விரலால் அசையும் பலகையில் ஒரு வாக்கியத்தை எழுத முடியாது. நீங்களே முயன்று பார்க்கலாம். 'ரேபிட் பிராம்ப்ட்டிங் மெத்தட்' என்ற பெயரிலும் வேறு பெயர்களிலும் நடக்கும் இந்தப் பலகை முறையைப் பரிந்துரைக்க இயலாது என்று அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கம் 2018-இல் அறிவித்தது.

என் சொல்லையும் அவர்கள் சொல்லையும் ஒதுக்கிவிட்டு நீங்களே சோதித்துக்கொள்ளலாம். அடுத்த முறை செல்லும்போது, அவன் நன்கு அறிந்த பொருள்கள் சிலவற்றை ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பயிற்சியாளரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, ஒரு பொருளை, பந்து என்றே வைத்துக்கொள்வோம், மகனிடம் கொடுத்து அவன் அதைத் தொட்டு உருட்டி விளையாடிய பின் பையில் மறைத்துவிடுங்கள். அவர் உள்ளே வந்து, "என்ன பார்த்தாய்?" என்று மட்டும் கேட்கட்டும். நீங்களும் பலகை தெரியாத இடத்தில் நிற்க வேண்டும், ஏனென்றால் விடை தெரிந்தவரின் முகமே குறிப்பாகிவிடும். ஐந்தாறு பொருள்களுக்கு இப்படிச் செய்தால் அரை மணி நேரத்தில் உண்மை தெரிந்துவிடும். "சோதிப்பது குழந்தையை அவமதிப்பது, நம்பிக்கை இல்லாவிட்டால் அவன் எழுத மாட்டான்" என்று சொன்னால் அதையே விடையாக எடுத்துக்கொள்ளுங்கள். பார்வைப் பரிசோதனையையும் இரத்தப் பரிசோதனையையும் யாரும் அவமதிப்பு என்று சொல்வதில்லை. தன் சொல் தன்னுடையதுதான் என்பதை உறுதிசெய்துகொள்ளும் உரிமை உங்கள் மகனுக்கு உண்டு.

இங்கே ஒரு விலக்கைப் பொறுமையாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதைக் காட்டித்தான் பலர் பெற்றோரைக் குழப்புகிறார்கள். பேசாத ஆட்டிசமுள்ளவர்களில் சிலர் தாமாகவே தட்டச்சு செய்து தெளிவாக எழுதுகிறார்கள். அது முழு உண்மை. அவர்கள் முன்னே விசைப்பலகை மேசைமேல் அசையாமல் இருக்கும், அவர்களை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாத செய்தியையும் அவர்கள் எழுதுவார்கள். அந்த எழுத்தில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. அதேபோல, கைபிடித்துக் கற்பிப்பதெல்லாம் மோசடி என்றும் நினைத்துவிட வேண்டாம். அட்டையை எடுத்துக் கொடுக்கப் பழக்கும்போது பயிற்சி தரும் நாங்களும் கையைப் பிடிக்கிறோம். ஆனால் அங்கே குழந்தைக்கு வேண்டியது என்ன என்பது முன்கூட்டியே கண்ணுக்குத் தெரியும்: அவன் கண்ணும் உடலும் அந்தப் பொருளை நோக்கிச் சாய்ந்திருக்கும். மேலும், பிடி முதலில் கையிலிருந்து மணிக்கட்டுக்கும், பிறகு முழங்கைக்கும் விலகி, முடிவில் இல்லாமல் போக வேண்டும்; எப்போது எவ்வளவு விலகியது என்பதை நோட்டில் எழுதிவைப்போம். சொல்ல வந்த செய்தியே பிடித்திருப்பவர் வழியாகத்தான் வெளிவருகிறது, மாதங்கள் கடந்தும் அவரோ பலகையைப் பிடித்த அவர் கையோ விலகவில்லை என்றால், அது கற்பித்தல் அன்று.

இதில் பணம் மட்டும் வீணாவதில்லை. 1990-களில் இப்படி எழுதப்பட்ட வாக்கியங்களை நம்பிப் பெற்றோர்மீதே பாலியல் குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன, குடும்பங்கள் குலைந்தன. குழந்தையின் பெயரில் பிறர் பேசத் தொடங்கிவிட்டால், குழந்தை உண்மையில் காட்டும் குறிப்புகளை, அந்த இழுப்பையும் முகத்திருப்பலையும் அழுகையையும், யாரும் கவனிப்பதில்லை. உங்களுக்கு என் முதல் எச்சரிக்கை இதுவே.

யாரிடம் எச்சரிக்கையாக இருப்பது என்றும் சொல்ல வேண்டும். வாரக் கடைசிப் பயிலரங்கில் கிடைத்த சான்றிதழைச் சுவரில் மாட்டிக்கொண்டு சிகிச்சையாளர் என்று அழைத்துக்கொள்பவர்கள், முழுக் கட்டணத்தையும் முன்பணமாகக் கேட்பவர்கள், பெற்றோரை அறைக்கு வெளியே உட்கார வைப்பவர்கள், தாங்கள் விற்கும் டேப்லெட்டைத்தான் வாங்க வேண்டும் என்று வற்புறுத்துபவர்கள் ஆகிய எவரிடமும் கையெழுத்திடாதீர்கள். நல்ல பேச்சுப் பயிற்சியாளர் எந்தச் செயலியையும் சில வாரம் பயன்படுத்திப் பார்த்த பின்பே வாங்கச் சொல்வார். அதில் உங்கள் வீட்டு மொழியில் குரல் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்.

இனி வீட்டுப் பெரியவர்களின் அச்சம். அட்டையும் கருவியும் பேச்சை அடைத்துவிடும் என்ற எண்ணத்துக்கு ஆய்வுகளில் ஆதரவு இல்லை. 2006-இல் வந்த ஒரு மீளாய்வு, நம்பத்தக்க முறையில் ஆராயப்பட்ட 27 பேரைத் தனியே எடுத்துப் பார்த்தது. அவர்களில் 89 விழுக்காட்டினருக்குப் பேச்சு சற்றேனும் கூடியது, எஞ்சியவர்களுக்கு மாற்றம் இல்லை, ஒருவருக்கும் குறையவில்லை. 2014-இல் வெளியான மற்றோர் ஆய்வில், 5 முதல் 8 வயது வரையுள்ள, மிகச் சில சொற்களே பேசும் 61 குழந்தைகளில், விளையாட்டுவழிப் பயிற்சியோடு பேசும் கருவியையும் தொடக்கத்திலேயே பெற்றவர்கள், கருவி இல்லாமல் அதே பயிற்சியைப் பெற்றவர்களைவிட நன்கு முன்னேறினார்கள். கருவி வாயைக் கட்டுவதில்லை. கேட்டது கிடைக்கும் என்ற நம்பிக்கை வந்த குழந்தைதான் ஒலியெழுப்பவும் துணிகிறான்.

6 வயதாகியும் பேசவில்லையே என்ற உங்கள் கவலைக்கும் ஒரு விடை உண்டு. 4 வயதிலும் சொற்றொடராகப் பேசாத, ஆட்டிசமுள்ள 535 குழந்தைகளைப் பற்றி 2013-இல் வெளியான ஆய்வில், 8 வயதிலோ அதற்குப் பிறகோ 70 விழுக்காட்டினர் சொற்றொடர் பேசினார்கள். 47 விழுக்காட்டினர் சரளமாகவே பேசினார்கள். இது உறுதிமொழி அன்று. ஆனால் 6 வயதோடு வாசல் மூடிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை. செவித்திறன் பரிசோதனை செய்யாமல் இருந்தால் இந்த வாரமே செய்துவிடுங்கள்.

என் துறையினர் மீதே எனக்குள்ள வருத்தத்தையும் மறைக்கப்போவதில்லை. முதலில் அமைதியாக உட்காரட்டும், கண்ணைப் பார்க்கட்டும், பிறரைப் பார்த்துச் செய்யட்டும், அதன்பின் அட்டை தரலாம் என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடும் நிலையங்கள் இன்றும் இருக்கின்றன. தொடர்புகொள்வதற்கு முன்தகுதி என்று ஒன்றும் கிடையாது. வாரம் ஒரு முறை அரை மணி நேரம் பார்த்துவிட்டு "பயிற்சி தொடரட்டும்" என்று எழுதி அனுப்புவதும், வீட்டிலிருந்து போகும் கருவியை உடைந்துவிடும் என்று பள்ளி அலமாரியில் பூட்டிவைப்பதும் சிகிச்சை ஆகாது. பெற்றோர் அந்தப் பலகை மையத்தைத் தேடிப் போவதற்கு இந்த அலட்சியமே பாதிக் காரணம் என்று நினைக்கும்போது எனக்குச் சினம் வருகிறது.

ஆகவே படஅட்டையில் தொடங்குங்கள். படஅட்டையைக் கொடுத்து வேண்டியதைக் கேட்கப் பழக்கும், 1985-இல் உருவான 'பெக்ஸ்' முறையே போதும். முதல் சில நாள்களுக்கு இருவர் வேண்டும். அவனுக்கு மிகவும் பிடித்த ஒன்று, சோப்புக் குமிழி என்று கொள்வோம், உங்கள் கையில் இருக்கட்டும். அவன் அதை எட்டிப் பிடிக்க வரும்போது, அவனுக்குப் பின்னே அமர்ந்தவர் வாய் திறக்காமல் அவன் கையை அட்டைமேல் வைத்து, அதை எடுத்து உங்கள் உள்ளங்கையில் வைக்கச் செய்ய வேண்டும். அட்டை கைக்கு வந்த அந்தக் கணமே "குமிழி!" என்று சொல்லி ஊதிவிடுங்கள். "என்ன வேண்டும்? சொல்லு, சொல்லு" என்ற கேள்வியே கூடாது, கேட்டால்தான் பதில் என்று பழகிவிடுவான், தானாகத் தொடங்க மாட்டான். பின்னே இருப்பவர் ஒவ்வொரு முறையும் சற்றுக் குறைவாக உதவி, சில நாள்களில் எழுந்துவிட வேண்டும்.

ஓரளவு பழகியதும் பேசும் டேப்லெட்டுக்கு வரலாம். அதை அவன் கையில் கொடுத்துச் சோதிக்காமல், நீங்கள் பேசும்போதே அதில் தொட்டுக் காட்டிப் பேசுங்கள். மற்றக் குழந்தைகள் பேசுவதற்கு முன் எத்தனை மாதம் நம் பேச்சைக் கேட்கிறார்களோ, இவனுக்கும் கருவியில் பேசுவதைப் பார்க்க அத்தனை காலம் வேண்டும். கருவி எப்போதும் அவன் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். அடம்பிடித்தான் என்று தண்டனையாக எடுத்து வைக்காதீர்கள்.

முதல் பத்து அட்டைகளுக்குள் 'வேண்டாம்' கட்டாயம் இருக்க வேண்டும். பொருள்களின் பெயரை மட்டும் நிரப்பிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். அவன் அந்த அட்டையை முதன்முறையாக நீட்டும்போது, நீங்கள் அவசரமாக எங்கோ கிளம்பிக்கொண்டிருந்தாலும், நின்று, அவன் வேண்டாம் என்றதை அப்போதே விலக்கிவிடுங்கள்.