அயர்லாந்தில் புல்லால் பின்னும் பிரிஜித் சிலுவையை எப்படிச் செய்வது? அதை ஏன் ஜனவரி 31 இரவே செய்கிறார்கள்?

அயர்லாந்தின் புனிதரான பிரிஜித்தின் திருநாள் பிப்ரவரி 1. ஆனால் அந்நாட்டின் பழங்குடிகளான கெல்ட் மக்களின் வழக்கில் நாள் பொழுது சாய்ந்ததும் பிறக்கும். இருட்டு முதலில், வெளிச்சம் பிறகு. அதனால்தான் முந்தைய இரவே திருநாள் தொடங்கிவிடுகிறது. அயர்லாந்தில் வசந்தத்தின் முதல் நாளும் பிப்ரவரி 1தான். கிறித்தவத்துக்கு முந்தைய இம்போல்க் விழாவும் இதே நாள்தான்.

ஈரநிலத்தில் வளரும், கோரையைப் போன்ற உருண்டைத் தண்டுப் புல் இருபது, இருபத்தைந்து போதும். மரபுப்படி அதை அறுப்பதில்லை, கையால் பிடுங்குவார்கள்.

ஒரு தண்டைச் செங்குத்தாகப் பிடியுங்கள். இன்னொன்றை நடுவில் மடித்து, முதல் தண்டின் மையத்தைச் சுற்றி, இரு நுனியும் வலப்பக்கம் வரும்படி மாட்டுங்கள். மையத்தை விரலால் அழுத்தியபடியே மொத்தத்தையும் இடஞ்சுழியாகக் கால் வட்டம் திருப்புங்கள். அடுத்த தண்டை மடித்து, மேல்நோக்கி நிற்கும் தண்டுகள் எல்லாவற்றையும் சேர்த்து மாட்டி, மறுபடி வலப்பக்கம் இழுங்கள். இப்படியே தொடர்ந்தால் நடுவில் சதுரம் வளரும். கடைசியில் நான்கு கைகளையும் நூலால் கட்டி, நுனிகளை வெட்டிவிடுங்கள்.

பெரும்பாலும் கெடுவது மையம்தான். புல் காயும்போது சுருங்கும். ஒவ்வொரு மடிப்பையும் முந்தையதோடு நெருக்கித் தள்ளாவிட்டால் சில நாளில் தொளதொளத்துவிடும். நடுவில் ஒருமுறை திசை மாறித் திருப்பினாலும் பின்னல் பிடிக்காது. காய்ந்த தண்டு மடிக்கும் இடத்தில் ஒடியும்.

தீ அண்டாது என்ற நம்பிக்கையில் வாசலுக்கு மேலோ கூரையடியிலோ செருகுவார்கள். பல வீடுகளில் பழையதை எடுக்காமல் புதியதைப் பக்கத்தில் வைப்பார்கள். கூரையில் உள்ள சிலுவைகளை எண்ணினால் அந்த வீட்டில் எத்தனை குளிர்காலம் கழிந்தது என்று தெரியும்.