நர்ஸ் வேலை பார்த்துக்கொண்டே ஆன்லைனில் மருத்துவமனை நிர்வாகம் எம்பிஏ படித்தால் செல்லுமா?

கேட்டவர் பாளையங்கோட்டையில் தனியார் ஆஸ்பத்திரி ஸ்டாஃப் நர்ஸ். ஆன்லைன் எம்பிஏவுக்கு எந்த அங்கீகாரத்தைப் பார்க்க வேண்டும், சிஏஎச்எம்இ என்ற அமெரிக்க அங்கீகாரம் இல்லாவிட்டால் வீண் என்று அமெரிக்காவில் இருக்கும் மதினி சொல்வது உண்மையா என்கிறார்.

செல்லும். ஆனால் "யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம்" என்ற ஒரு வரியை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள்.

நானும் நர்ஸாக இருந்தவள்தான். அம்பாசமுத்திரம் பக்கம் ஊர். நைட் டியூட்டி முடித்துவிட்டு வந்து, மாமியாருக்கும் பிள்ளைகளுக்கும் சமைத்து வைத்துவிட்டுப் பாடம் கேட்டவள். உங்கள் நிலைமையும் ஏறக்குறைய இதுதான் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இப்போது திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன்.

சேர்க்கை ஏஜென்ட் உங்களிடம் முதலில் நீட்டுவது நாக் (என்ஏஏசி) என்ற தர மதிப்பீட்டு அமைப்பின் கிரேடைத்தான். அது கல்லூரிக்கோ பல்கலைக்கழகத்துக்கோ மொத்தமாகக் கொடுக்கும் மதிப்பெண். ஒரு ஆஸ்பத்திரி என்ஏபிஎச் தரச் சான்று வாங்கியிருக்கிறது என்பதற்காக அங்கே பைபாஸ் ஆபரேஷன் நடக்கும் என்று நாம் சொல்வதில்லையே, அப்படித்தான் இதுவும். ஆன்லைன் படிப்புக்கு யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவு தனியாக அனுமதி தருகிறது. டெப் என்பார்கள். பல்கலைக்கழகத்தின் பெயர், படிப்பின் பெயர், ஆன்லைனா தொலைதூரமா, எந்தப் பருவத்துச் சேர்க்கை, இந்த நான்கும் டெப் தளத்தில் ஒரே வரியில் ஒத்து வர வேண்டும். போன வருஷம் இருந்தது என்பது பதில் ஆகாது. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியல், நுண்ணுயிரியல், ஊட்டச்சத்து போன்ற பாடங்களை ஆன்லைனிலும் தொலைதூரத்திலும் நிறுத்தச் சொல்லிவிட்டது யுஜிசி. நிர்வாகப் படிப்பு வேறு வகைதான், ஆனாலும் நீங்கள் சேரும் பருவத்தின் பட்டியலைப் பார்த்துவிட்டே சேருங்கள். எம்.எஸ்சி. நர்சிங்கையே ஆன்லைனில் தருகிறோம் என்று எவனாவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். நர்சிங்குக்கு அந்த வழியே கிடையாது.

வண்ணார்பேட்டையில் மாடியில் ஆபீஸ் போட்டிருந்த ஒருவர் எங்கள் கேன்டீன் வரைக்கும் வந்தார். "அக்கா, ஒரே வருஷத்துல முடிச்சிரலாம், பரீட்சையையும் நாங்களே பாத்துக்கிடுவோம்" என்றார். டெப் பட்டியலில் காட்டுங்கள் என்றேன். சர்வர் வேலை செய்யவில்லை என்றார். என் போனில் வேலை செய்தது. டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார். இப்போது மாணவர்களே ஏபிசி ஐடியை (படிப்பு மதிப்பெண் கணக்குக்கான எண்) வைத்து டெப் ஐடி எடுக்க வேண்டும், 2024-லிருந்து அது கட்டாயம். அதற்குப் போனில் வரும் ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். எங்கள் ஆஸ்பத்திரியில் குவாலிட்டிக்கு உதவி மேலாளர் பதவி காலியானது. எம்பிஏ வேண்டும் என்று நோட்டீஸ் போட்டார்கள். விண்ணப்பித்தேன். எச்ஆர் என் சான்றிதழை வாங்கி, முன்பக்கத்தைப் படிக்காமல் நேராகத் திருப்பினார். எந்த வழியில் படித்தது, எப்போது சேர்ந்தது, எப்போது முடித்தது என்பதெல்லாம் பின்பக்கத்தில் இருக்கும். "கரஸ்ஸா (தபால்வழியா)? நாங்க ரெகுலர்தான் பார்க்கிறோம்" என்றார். பக்கத்தில் இருந்த நர்சிங் சூப்பிரண்டெண்ட் வேறு, "ஏட்டி, ஊசி போட்டுக்கிட்டு இருந்தவளுக்கு என்னத்துக்கு எம்பிஏ?" என்று சிரித்தார்.

யுஜிசி 2022 செப்டம்பரில் விட்ட அறிவிப்பைப் பிரிண்ட் எடுத்துப் பையில் வைத்திருந்தேன். 2020 ஒழுங்குமுறையின் 22-ஆம் பிரிவின்படி, முறையாக அனுமதி பெற்ற நிறுவனத்தில் ஆன்லைனிலோ தொலைதூரத்திலோ வாங்கிய பட்டம், கல்லூரிக்குப் போய் வாங்கிய பட்டத்துக்குச் சமம் என்று அதில் இருக்கிறது. எச்ஆர் படித்துவிட்டு, "இது கவர்ன்மென்ட் வேலைக்குத்தான் மேடம்" என்றார். அப்படி எங்கே போட்டிருக்கிறது, நீங்கள் சொல்வதை எழுத்தில் கொடுங்கள் என்றேன். கொடுக்கவில்லை. எம்டியிடம், அதாவது ஆஸ்பத்திரியின் நிர்வாக இயக்குநரிடம் அனுப்பினார்.

எம்டியும் ஒரு டாக்டர்தான். நியாயமான மனிதர், நேரம்தான் கிடையாது. "பரீட்சை எப்படிம்மா எழுதுன, புக்கைப் பாத்தா?" என்று கேட்டார். கேமரா போட்டு, அறையைச் சுற்றிக் காட்டச் சொல்லி, கண்ணைத் திருப்பினாலே எச்சரிக்கை வரும் என்றேன். மொத்த மதிப்பெண்ணில் அகமதிப்பீடு 30 சதவீதத்துக்கு மேல் போகாது, மீதி பரீட்சைதான் என்றும் சொன்னேன். அப்புறம் நான் செய்த புராஜெக்டைக் காட்டினேன். டிஸ்சார்ஜ் ஏன் சாயங்காலம் வரைக்கும் இழுக்கிறது என்பதைப் பற்றியது அது. எல்லாரும் டிபிஏ மேல், அதாவது இன்சூரன்ஸ் பில்லைப் பார்த்து அனுமதி தரும் இடைநிலை நிறுவனத்தின் மேல் பழி போடுவார்கள். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024-ல் டிஸ்சார்ஜ் அனுமதிக்கு மூன்று மணி நேரக் கெடு வைத்த பிறகும் எங்களுக்கு இழுத்துக்கொண்டுதான் இருந்தது. கேஸ் ஷீட்டுகளை எடுத்துப் பார்த்தால், பில் டிபிஏவுக்குப் போவதே மத்தியானத்துக்கு மேல்தான். மீந்த மருந்தை வார்டு கடைசி நேரத்தில்தான் ஃபார்மசிக்குத் திருப்பி அனுப்பும், டிஸ்சார்ஜ் சம்மரியை ரவுண்ட்ஸ் முடிந்த பிறகுதான் டைப் அடிக்கவே ஆரம்பிப்பார்கள். முந்தின நாள் ராத்திரியே மருந்தைத் திருப்பி, சம்மரியைத் தயார் செய்தால் போதும் என்று எழுதியிருந்தேன். நைட் டியூட்டி பார்த்தவளுக்குத்தான் ராத்திரியில் எந்த வேலை முடியும், எது முடியாது என்று தெரியும். பதவி கிடைத்தது. சம்பளம் ஒன்றும் பெரிதாக ஏறவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"காசு கொடுத்து வாங்கின பட்டத்துக்கு வக்காலத்தா" என்று யாராவது வருவார்கள் என்று தெரியும். அப்படி வாங்கியவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. கல்லூரிக்குப் போன எல்லாரும் வகுப்பில் உட்கார்ந்தார்களா என்றும் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள். எல்லா ஆஸ்பத்திரியும் எங்கள் எம்டி மாதிரி ஒத்துக்கொள்ளும் என்றும் நான் சொல்ல வரவில்லை. தனியார்காரர்கள் யாரை எடுப்பது என்பது அவர்கள் இஷ்டம்.

நீங்கள் கேட்காத ஒன்று. சேர்க்கைக்கு உங்கள் ஒரிஜினல் சான்றிதழ்கள் வேண்டும். அவை உங்கள் கையில் இருக்கின்றனவா? நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் பாண்ட் (இத்தனை வருஷம் வேலை பார்ப்பேன் என்ற ஒப்பந்தம்) என்று சொல்லி வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். ஸ்கேன் செய்ய ஒரு நாள் கேட்டதற்கு, வேறு வேலைக்குப் போகப் போகிறாயா என்று விசாரணை. டாக்டருடைய சான்றிதழை அப்படிப் பூட்டி வைப்பார்களா? மூன்று நான்கு வருஷம் வயிற்றைக் கட்டி அப்பா படிக்க வைத்த படிப்பு, அந்தக் காகிதம் இன்னொருத்தர் பீரோவில். நர்ஸ் என்றால் அவ்வளவுதான் மதிப்பு. இதைப் பற்றி ஒரு சங்கமும் உரக்கப் பேசவில்லை என்பது என் வெகுநாள் கோபம். முதலில் அவற்றை வாங்கி டிஜிலாக்கரில் கிடைப்பதை அங்கேயும் சேமித்து வையுங்கள்.

மதினி சொல்வது அமெரிக்காவுக்குப் பொருந்தும், இங்கே பொருந்தாது. சிஏஎச்எம்இ அங்கே மருத்துவ நிர்வாக முதுநிலைப் படிப்புகளை மட்டும் சோதித்து அங்கீகரிக்கும் தனி அமைப்பு. பல்கலைக்கழகத்துக்கான அங்கீகாரம் வேறு, அது இல்லாமல் எதுவும் இல்லை. ஆன்லைன் படிப்புகளும் சிஏஎச்எம்இ வாங்கியிருக்கின்றன. சட்டப்படி அது கட்டாயம் இல்லை, ஆனால் பெரிய ஆஸ்பத்திரிகளின் நிர்வாக ஃபெல்லோஷிப்புக்குப் பல இடங்களில் கேட்கிறார்கள். அதற்காக இங்கே இருந்துகொண்டு ஏதோ கல்வி ஆப் மூலம் வெளிநாட்டுப் பட்டம் வாங்கிவிடாதீர்கள். அப்படிக் கூட்டு வைத்துத் தரும் பட்டங்களுக்கு அங்கீகாரம் இல்லை என்று 2023 டிசம்பரிலேயே யுஜிசி எச்சரித்துவிட்டது. மதினி வீட்டுப் பக்கம் நர்ஸாகவே போகிற யோசனை இருந்தால் எழுத வேண்டியது என்கிளெக்ஸ் என்ற நர்ஸ் உரிமத் தேர்வு, அதற்கு இந்த எம்பிஏ எந்த விதத்திலும் உதவாது.